புரட்டாசியில் யாரும் தொடாத வீடு

வெள்ளைச்சாமி அண்ணனைப் பற்றி ஓசூரில் இரண்டு பேச்சு உண்டு. மச்சினன் குடியைக் கெடுத்தவர் என்பது ஒன்று. பிழைக்கத் தெரியாதவர் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களில் ஒருவர்கூட அவர் பக்கத்து மேஜையில் ஒரு நாள் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், வருஷக்கணக்காக. அதனால் என் பங்குக்கு நானும் பேசிவிடுகிறேன். கேட்கப் பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம்.

அவருக்குக் கமுதிப் பக்கம் ஊர். இளவட்டமாக ஓசூர் வந்து சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினார். கம்பெனி படுத்துவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள் ஊரைப் பார்க்கக் கிளம்பினார்கள். இவர் போகவில்லை. "அங்கிட்டு போயி கருவேல முள்ளையா எண்ணச் சொல்ற?" என்பார். பாகலூர் ரோட்டில் நாராயணப்பன் சார் நடத்தி வந்த கிளியரிங் ஏஜென்சியில் வந்து சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கிற ஆபீஸ் அது. காவேரிப்பட்டணத்துக்காரி ராசாத்தி ஆகிய நான் அங்கேதான் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஆள்தான். சுங்கத்தில் கையெழுத்துப் போட வேண்டுமானால் ஒரு அட்டை வேண்டும். அதற்கு இங்கிலீஷில் பரீட்சை. தோற்றுத் தோற்றுக் கடைசியில் ஒரு வழியாக வாங்கிவிட்டார். மனைவி ஜோதிமணி அண்ணி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண், வாடகை வீடு, எல்லாம் அந்த அட்டையை நம்பித்தான் நின்றது. அதைப் பறிகொடுத்தால் பழையபடி பேப்பர் தூக்கவும் முடியாது. பொய்க்காரன் என்று சுங்கத்தில் ஒரு தடவை முடிவு கட்டிவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கப்பலில் வந்தாலும் விமானத்தில் வந்தாலும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் ஒரு எண் உண்டு. தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். குண்டூசியிலிருந்து குதிரை வரைக்கும் அதில் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். வந்திருப்பது இன்ன பொருள் என்று நாம்தான் சொல்லி, அதற்குரிய எண்ணை எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். எவ்வளவு வரி, என்ன பரிசோதனை, உள்ளே விடலாமா கூடாதா என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும்.

அண்ணனுக்கு இதில் ஒரு வழக்கம் இருந்தது. பேப்பரை மட்டும் பார்த்து எண் எழுத மாட்டார். சாம்பிளை வாங்கி ஆபீஸில் போட்டுவிட்டு, மனிதர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பார். ஒரு தடவை ரப்பர் விரிப்பு வந்தது. மெஷினுக்கு அடியில் போடுகிறதா, கால் துடைக்கிறதா என்று தகராறு. இவர் அதை வாசலில் விரித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். உள்ளே வந்த அத்தனை பேரும் செருப்பைத் தேய்த்தார்கள். "போதும்மா, கால்மிதிதான்," என்றார். "எழுத்து பொய் சொல்லும். மனுசன் கை பொய் சொல்லாது." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்து நிமிஷ வேலைக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கிற ஆளோடு வேலை பார்த்தால் உங்களுக்கும் வரும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆவணியில் அண்ணியின் தம்பி ராஜேஷ்குமார் எங்கள் ஆபீஸுக்கு வந்தான். அதுவரை ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவன், வேலையை விட்டுவிட்டு குருபரப்பள்ளியில் ரோட்டோரமாக ஒரு குடோன் பிடித்துப் பொம்மை வியாபாரம் தொடங்கியிருந்தான். அருப்புக்கோட்டையில் பெண் பார்த்துத் தையில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டுச் சரக்கு இறக்குகிறார் என்று பெண் வீட்டில் பெருமை. அந்தப் பெருமைக்கு ஏற்ற மாதிரி ஒரு கன்டெய்னர் நிறைய சரக்கு பேசி முடித்துவிட்டு, சாம்பிளுக்கு ஒரு பெட்டியைக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்தான்.

அது வீடு கட்டுகிற பெட்டி. இஞ்சி வாசனை அடிக்கிற பழுப்பு பிஸ்கட்டில் நாலு சுவர், சாய்வாக வைக்கிற கூரைப் பலகை இரண்டு. ஒட்டுவதற்குச் சர்க்கரை மாவு. தண்ணீர் விட்டுக் குழைத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நுனியைப் பிதுக்க வேண்டும். மேலே பதிக்கக் கலர் கலராக ஜெல்லி உருண்டை. பிளாஸ்டிக்கில் வேலி, மரம், தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா. பெட்டியின் மேல் ஒரு குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டு கூரையை ஒட்டுகிற படம். கைவேலைப் பெட்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சாப்பிடலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

இது பொம்மையா, தின்பண்டமா? இதுதான் கேள்வி. பொம்மை என்று எழுதினால் வரியைக் கட்டிவிட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். தின்பண்டம் என்றால் சாம்பிள் லேபுக்குப் போக வேண்டும். அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. வெளிநாட்டுத் தின்பண்டம் இங்கே வந்து இறங்கும்போது அதன் ஆயுளில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும் என்று விதி. ராஜேஷ் பேசி முடித்த சரக்கு, ஐரோப்பாவில் போன கிறிஸ்துமஸுக்குச் செய்து விற்காமல் தேங்கிக் கிடந்தது. தேதி முடியவில்லை. ஆனால் பாதி ஆயுள் கழிந்துவிட்டது. தின்பண்டம் என்று எழுதினால் கன்டெய்னர் மொத்தமும் குழிக்குத்தான் போகும்.

"மச்சான், பொம்மைன்னு போட்டு விட்ருங்க. அட்டைப்பெட்டியிலயே கைவேலைன்னுதான இருக்கு," என்றான் ராஜேஷ்.

"பொம்மையா இருந்தா போட்ருவேன் மாப்ளே. பாத்துட்டுச் சொல்றேன்," என்றார் அண்ணன்.

மச்சினனுக்காகப் பொய் எழுதுகிற ஆள் இல்லை அவர். ஆனால் அது பொம்மையாக இருந்துவிடாதா என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில்கூட அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சாம்பிளுக்கும் அவர் அப்படிப் பண்ணியதில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை புரட்டாசியிலேயே வந்துவிட்டது. ஓசூரில் பொங்கலைவிட ஆயுத பூஜை பெரிசு. லேத்துக்கும் லாரிக்கும் மாலை போடுகிற ஊரில் எங்கள் ஆபீஸ் மட்டும் சும்மா இருக்குமா? கம்ப்யூட்டர், ரப்பர் ஸ்டாம்பு, பசை டப்பா என்று எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தோம். அண்ணன் அந்த வீட்டையும் கட்டி வைத்துவிடலாம் என்றார். ஆபீஸைப் பெருக்கி டீ போடுகிற முனிலட்சுமி கூடமாட உதவினாள். வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரி, கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனவள். அண்ணன் குழைத்த சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "இன்னா சாரு, கலவைல தண்ணி எச்சா ஊத்திட்ட. செவுரு நிக்குமா இது?" என்று அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் பூசிய பிறகுதான் கூரை நின்றது. எல்லாரும் சிரித்தோம். அந்த ஆபீஸில் நாங்கள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது தெரியவில்லை.

நாராயணப்பன் சார் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டினார். எல்லாப் பொருளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பிஸ்கட் வீட்டின் நாலு சுவரிலும் பொட்டு வைத்தாயிற்று. பூசணிக்காயை ரோட்டில் உடைத்தோம். பிறகு பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம். பக்கத்து லாரி ஆபீஸ் ஆட்களும் வந்து உட்கார்ந்து தட்டுத் தட்டாகக் காலி பண்ணினார்கள். அந்த வீட்டை மட்டும் யாரும் தொடவில்லை. அழகாக இருக்கிறது என்று குனிந்து பார்த்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். ஒரு ஜெல்லி உருண்டையைக்கூட யாரும் கிள்ளவில்லை.

அண்ணன் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாளும் பார்த்தார். அதற்கு அடுத்த வாரமும் பார்த்தார். வீடு அலமாரி மேலேயே இருந்தது. டீ குடிக்க வருகிறவர்கள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றார்களே தவிர அதன் பக்கம் கையை நீட்டவில்லை. ஒரு நாள் காலையில் என்னிடம் வந்து, "ஏம்மா ராசாத்தி, பொம்மைன்னே அடிச்சிரு," என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் அடித்துக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

சுங்கத்தில் அவ்வளவு லேசாக விடுவார்களா? கேள்வி எழுப்பி, நேரில் வரச் சொன்னார்கள். பெங்களூர்ப் பக்கத்தில் உள்ள கன்டெய்னர் டிப்போவுக்குப் போனோம். அண்ணனுக்குக் கன்னடம் நாலு வார்த்தைக்கு மேல் வராது. எனக்கு அம்மா வழியில் தளி, கன்னடம் புழங்குகிற பக்கம். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஆபீஸில் எடுத்த படத்தைப் பார்த்தார். பொட்டு வைத்த பிஸ்கட் வீட்டைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கன்னடத்தில் கேட்டார். பிஸ்கட்தானே இது, உங்கள் ஆபீஸில் யாருமே தின்னவில்லையா?

நான் அண்ணனிடம் சொன்னேன்.

"சொல்லும்மா. சுண்டல் தின்னாய்ங்க, பொரி தின்னாய்ங்க. பல நாளா அலமாரி மேல இருக்கு. ஒருத்தரும் வாயில வைக்கல. கட்டி வச்சுப் பாக்குறதுக்குத்தான் இது, திங்கிறதுக்கு இல்லன்னு சொல்லு."

"யாரூ தின்னலில்ல மேடம்," என்றேன். நடந்ததைத்தான் சொன்னேன். அந்த அம்மா அண்ணன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அவர் பொய் சொல்கிற மாதிரி யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் கன்டெய்னரை விட்டுவிட்டார்கள். ராஜேஷ் ஆபீஸுக்கே வந்து அண்ணன் காலைத் தொடக் குனிந்தான். அண்ணி வீட்டில் அதிரசம் சுட்டு எங்கள் எல்லாருக்கும் கொடுத்தனுப்பினார்.

தீபாவளிக்கு மறுநாள் முனிலட்சுமி வேலைக்கு வரவில்லை. அவள் பிள்ளைகள் இரண்டும் வாந்தி பேதியாகி அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று தெரிந்து அண்ணனும் நானும் போனோம். பெரியவன் அஜித்குமார் கண் சொருகிக் கிடந்தான். சின்னது அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. முனிலட்சுமி தலைவிரி கோலமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தம்மா குடுத்த புள்ளைங்களுக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

"இன்னாத்த குடுத்தேன் சாரு. பண்டிகைக்கு ஆபீஸ ஒதறி கூட்ட சொன்னாரில்ல பெரிய சாரு. அந்த ஊட்ட குப்பைல போட சொன்னாரு. சாமி முன்னால வெச்சத எப்பிடி குப்பைல போடறது? சந்தனத்த சொரண்டிட்டு எட்த்தும்போயி புள்ளைங்களுக்கு குட்த்தேன். நல்லாதான் தின்னுச்சிங்க."

அண்ணன் அவள் பக்கம் குனிந்தார். "அன்னைக்கு யாருமே தொடலயேம்மா அத?"

"அன்னிக்கி பொரட்டாசி இல்ல? பெட்டி மேல சைவம்னு போடற பச்ச பொட்டு இல்ல, முட்ட கிட்ட போட்டிருக்கும்னு யாரும் தொடல. இப்போ பொரட்டாசி முடிஞ்சி போச்சே சாரு."

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா அன்னைக்குத் தின்னல?"

"புரட்டாசிண்ணா. எங்க வீட்ல முட்டை சேந்த கேக்குகூட தொட மாட்டோம். இந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

"கறி திங்க மாட்டாய்ங்கன்னு தெரியும். பிஸ்கட்டுக்கும் பாப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். பிறகு, "புரட்டாசி இல்லாம இருந்தா தின்னுருப்பியா?" என்று கேட்டார்.

"பின்ன? பிஸ்கட்டுதானேண்ணா."

மரத்தடியிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் ஊரில் புரட்டாசி விரதமெல்லாம் சனிக்கிழமையோடு சரியாம். இத்தனை வருஷம் ஓசூரில் இருந்தும் இது அவர் கண்ணில் படவில்லை. நாங்கள் விரதத்துக்குக் கட்டுப்பட்டுக் கையை மடக்கிக்கொண்டிருந்ததை, இது தின்கிற பொருளே இல்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு, மேலிடத்தில் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஐப்பசியில் அந்த வீட்டைக் கட்டி வைத்திருந்தால் பொரிக்கு முன்னால் கூரை காணாமல் போயிருக்கும்.

பிள்ளைகள் தேறிவிட்டார்கள். டாக்டரம்மா எதனால் என்று அடித்துச் சொல்லவில்லை. தண்ணீரால் இருக்கலாம், பலகாரத்தால் இருக்கலாம், நாள்கணக்கில் தூசியும் கரப்பானும் ஏறிக் கிடந்த அந்தப் பிஸ்கட்டாலும் இருக்கலாம் என்றார். அலமாரி மேல் திறந்து கிடந்ததை வைத்துப் பெட்டிக்குள் இருப்பதும் கெட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? இதை நான் அண்ணனிடம் ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னேன். பேசாமல் விட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

"கெட்டதா நல்லதான்னு எனக்குத் தெரியாது," என்றார். "யாருக்குமே தெரியாது. பரிசோதிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். பரிசோதிக்க வேண்டாம்னு சொன்னது நான்தான."

குடோனுக்குக் கிளம்பினார். தனியாகப் போனால் வாய் வராது, நீயும் வா என்றார். குருபரப்பள்ளியில் இறங்கி நடந்தபோது குடோன் வாசலில் ஒரு மினி லாரி நின்றிருந்தது. பெங்களூர்க் கடைகளுக்கு முதல் லோடு ஏறிக்கொண்டிருந்தது. ராஜேஷ் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆட்களோடு ஆளாகப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான்.

அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. "மாப்ளே, லோட எறக்கச் சொல்லு. இது திங்கிற பொருளு. நான் தப்பா எழுதிப்புட்டேன். திருத்தி எழுதப் போறேன்."

ராஜேஷ் முதலில் சிரித்தான். விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டான் பாவம். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். "சுங்கமே விட்ருச்சு மச்சான். உங்களுக்கு என்ன?"

"நான் சொன்னத நம்பித்தான விட்டாக."

"அவங்க கேக்காதத நீங்களா போயி சொல்லுவீங்களா? உங்க அட்டையும்ல போயிரும்?"

"போகும்."

"எங்க அக்கா கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளுறீங்க மச்சான். என்னையும் சேத்து." தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "ஒண்ணு பண்ணுங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் கண்ண மூடிக்கங்க. அப்புறம் ஒரு பெட்டி மிச்சம் இருக்காது. நீங்க யார்கிட்ட வேணாலும் சொல்லிக்கங்க."

"பெட்டி மிச்சம் இருக்காது மாப்ளே. வாங்குன வீட்ல புள்ளைக இருக்கும்ல?" என்றார் அண்ணன். அஜித்குமார் கட்டிலில் கிடந்ததை அவர் சொல்லவே இல்லை. நான் குறுக்கே விழுந்து, அந்தப் பையனுக்கு எதனால் என்று டாக்டருக்கே தெரியவில்லை என்று கத்தினேன். கூலியாட்கள் கையில் பெட்டியோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் யாரையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

அன்று சாயங்காலம் அண்ணி என் வீட்டுக்கே வந்தார். எப்போதும் படிய வாரி நேர்த்தியாக இருக்கிறவர், கலைந்த தலையோடு வந்தார். "நீ சொன்னா கேப்பாரு ராசாத்தி. அவன் எங்க அப்பா அம்மா இல்லாம நான் தூக்கி வளத்த பய. இந்த ஒரு தடவ பேசாம இருக்கச் சொல்லு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்லிப் பார்த்தாயிற்று. நாராயணப்பன் சாரும் சொல்லிப் பார்த்துவிட்டார். முடிந்த பைலை எதற்குக் கிளறுகிறாய், ஏஜென்சி பெயரும் சேர்ந்து கெடும், இத்தனைக்கும் உன் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை என்றார். "சந்தேகம் இல்ல, அதான் சார் தூக்கம் வர மாட்டேங்குது," என்றாராம் அண்ணன்.

போய்ச் சொல்லிவிட்டார். இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. அந்த நாலு வார்த்தைக் கன்னடத்தை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, யார் உங்களை வரச் சொன்னது என்று கேட்டாராம். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றாராம். அப்புறம் எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. போன லோடையும் திருப்பி வரவழைத்து குடோனுக்குச் சீல் வைத்தார்கள். அண்ணனிடமிருந்து அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நாராயணப்பன் சார் அவரை வேலையை விட்டு நிறுத்தும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. சார் மேல், ராஜேஷ் மேல், பொடி எழுத்தில் சாப்பிடலாம் என்று போட்டவன் மேல். எல்லாரையும்விட அண்ணன் மேல்தான் அதிகம்.

கார்த்திகையில் லேப் ரிப்போர்ட் வந்தது. ஏஜென்சிக்குத்தான் வந்தது, நான்தான் பிரித்தேன். பூஞ்சை இல்லை. கிருமி இல்லை. கலரில் கலப்படம் இல்லை. மனிதர் உண்ணத் தகுந்தது என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். ஒரு குறையும் இல்லை. ஆனால் தின்பண்டம் என்று ஆகிவிட்ட பிறகு அந்த ஆயுள் விதி இருக்கிறதே. இறங்கிய அன்று பாதிக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருந்தது. நல்ல பிஸ்கட்தான், இருந்தாலும் உள்ளே விட முடியாது. மார்கழி பிறந்ததும் ஒரு குப்பைமேட்டில் குழி வெட்டி, பெட்டிகளைக் கொட்டி, பொக்லைனை மேலே ஏற்றி நொறுக்கி மூடினார்கள். ராஜேஷ் கடைசிப் பெட்டி மூடுகிற வரைக்கும் ஓரமாக நின்று பார்த்திருக்கிறான். அருப்புக்கோட்டைக்காரர்கள் கல்யாணத்தை ஆடிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு அதையும் சொல்லவில்லை.

நான் அண்ணன் வீட்டுக்குப் போனது அதற்குச் சில நாள் கழித்து. அவர் மேஜையில் விட்டுப்போன டிபன் கேரியரையும் செருப்பையும் கொண்டு போனேன். அவர் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்திருந்தார். அன்றைக்கு மத்தியான ஷிப்ட். நீல யூனிபாரத்தோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரை அந்தச் சட்டையில் பார்க்கவே பிடிக்கவில்லை. அண்ணி சோற்றை வைத்தார், குழம்பை ஊற்றினார், உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை. தீபாவளியிலிருந்து இப்படித்தான் என்று அண்ணன் என்னிடம் கண்ணாலேயே சொன்னார்.

லேப் ரிப்போர்ட்டைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அவரே கேட்டார். "ரிப்போர்ட் வந்துருச்சாமேம்மா. என்ன போட்ருக்கு?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஒரு கோளாறும் இல்லியாம்ணா. சாப்பிடலாமாம்," என்றேன்.

உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணி அந்த வீடு கட்டுகிற பெட்டி ஒன்றோடு வெளியே வந்தார். சீல் வைப்பதற்கு முன்பு, சரக்கு வந்த சந்தோஷத்தில், அக்கா மகளுக்கென்று ராஜேஷ் கொண்டுவந்து கொடுத்ததாம். இத்தனை நாள் துணிக்கு அடியில் வைத்திருந்திருக்கிறார். எங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பெட்டியைக் கிழித்து, ஒரு சுவரை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தார். இஞ்சி வாசனை வீடு முழுக்க வந்தது. ஒரு துண்டை வாயில் போட்டு, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிதானமாக மென்று விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். தீபாவளிக்குப் பிறகு அண்ணி அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.